வீட்டு மதிலில் குடும்பமாகச் சித்திரம் தீட்டுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் கடற்கரைக்கு மிக அருகே இருக்கும் எங்கள் வீட்டு மதிலில் நாங்கள் குடும்பமாக இரண்டு முறை சித்திரம் தீட்டினோம். முதல் முறை தீட்டியது ஒரு வருடத்துக்குள் செதில் செதிலாக உரிந்து விழுந்தது. இரண்டாவது முறை தீட்டியது ஐந்தாவது மழைக்காலத்தையும் தாண்டி நிற்கிறது. அதைப் பார்த்த உறவினரும் அயலவரும் கேட்ட கேள்விகளையும், இரண்டு முறையும் நாங்கள் கற்றுக்கொண்டதை வைத்து அவர்களுக்குச் சொன்ன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

எந்தச் சுவரைத் தெரிவு செய்வது?

பலத்த மழை ஓய்ந்து இரண்டு நாள் கழித்து, காலையில் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். மற்றச் சுவர்கள் எல்லாம் காய்ந்து வெளிறியிருக்கும்போது ஒரு சுவரில் மட்டும் கருமையான திட்டுகள் இருந்தால், அங்கே நீர் உள்ளிருந்து வருகிறது என்று பொருள். மறுபக்கத்தில் பூப்பாத்தியோ மண்மேடோ முட்டிக்கொண்டிருக்கும் மதில்களில் இது மிகவும் சாதாரணம். அப்படிப்பட்ட சுவரில் எவ்வளவு விலையுயர்ந்த பெயின்ட் பூசினாலும் அது நிற்காது. சந்தேகம் இருந்தால், ஒன்றரை அடிச் சதுரத்தில் பொலித்தீன் தாள் ஒன்றை வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப்பினால் சுவரில் ஒட்டி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளிகள் கோத்திருந்தால் அந்தச் சுவர் இன்னும் ஆயத்தமாகவில்லை.

அடுத்து, சுவர் எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது முக்கியம். கொழும்பில் தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து சாய்ந்தடித்து வருவது மேற்குச் சுவர்களின் மீதுதான்; பின்னேர வெயிலும் அதே சுவர்களைத்தான் சுடும். ஆகவே தெரிவு செய்ய இடமிருந்தால் கிழக்குப் பார்த்த சுவரை எடுங்கள். கூரையின் தாழ்வாரம் சற்று நீண்டு மேலே கவிந்திருந்தால் இன்னும் நல்லது. சிகிரியாவில் 5ஆம் நூற்றாண்டின் ஓவியங்கள் இன்றும் எஞ்சியிருப்பதற்கு, அவை பாறையின் குடைவுக்குள் நேரடி மழை படாத இடத்தில் இருப்பது ஒரு பெரிய காரணம். களனி விகாரையில் சோலியஸ் மெண்டிஸ் தீட்டியவற்றையும், பொரளை கோதமி விகாரையில் ஜோர்ஜ் கீட் தீட்டியவற்றையும் பார்த்துவிட்டு, அந்த மெல்லிய கோடுகளை வெளி மதிலிலும் கொண்டுவர வேண்டும் என்று சிலர் ஆசைப்படுகிறார்கள். அவை கூரைக்குக் கீழே, உட்சுவர்களில் இருப்பவை. திறந்த மதிலுக்குப் பெரிய உருவங்களும் தடித்த கோடுகளுமே பொருந்தும்.

எந்த மாதத்தில் தொடங்குவது நல்லது?

தைப்பொங்கல் முடிந்து பங்குனி நடுப்பகுதி வரையுள்ள காலமே எனக்குப் பிடித்தது. ஜனவரியும் பெப்ரவரியும் கொழும்பில் மழை குறைந்த மாதங்கள். காற்றிலும் ஈரம் சற்றுக் குறைவு. ஏப்ரலில் பாடசாலை விடுமுறை இருப்பதால் பலரும் சித்திரைப் புத்தாண்டை ஒட்டித் திட்டமிடுகிறார்கள். ஆனால் அந்த நாட்களில் பிற்பகலில் இடியுடன் மழை கொட்டும். ஏப்ரல்தான் முடியும் என்றால், காலை ஏழு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்கு முடித்துவிடுங்கள். மே மாதம் தொடங்கிவிட்டால், செப்டெம்பர் வரை படத்தை மட்டும் தாளில் வரைந்துகொண்டிருப்பதே நல்லது.

மதிலைப் புதிதாகப் பூசியிருக்கிறோம். உடனே தொடங்கலாமா?

கூடாது. எங்கள் முதல் சித்திரம் உரிந்ததற்கு இதுவே காரணம். மேசன்பாஸ் மதிலின் வெடிப்புகளை அடைத்து மேலே சீமெந்துப் பூச்சுப் பூசிவிட்டுப் போய் இரண்டு கிழமைகூட ஆகாத நிலையில், பார்வைக்குக் காய்ந்துவிட்டது என்று நம்பித் தொடங்கிவிட்டோம். நான்கு மாதத்தில் நீல நிறத்துக்குக் கீழே வெள்ளையாக, விரலால் தொட்டால் உப்புத்தூள் போல உதிரும் ஒரு படிவு பூத்தது. பின்னர் பெயின்ட் கொப்பளித்தது. அந்தக் கொப்பளத்தை நகத்தால் கீறியபோது, சுவரிலிருந்து ஒரு முழு மீனின் வால் கையோடு வந்துவிட்டது. அதைத் தீட்டியவர் அம்மம்மா.

புதிய சீமெந்துப் பூச்சு கடுமையான காரத்தன்மை உடையது. நீர் அதிலிருந்து வெளியேறும்போது உப்பையும் சேர்த்து மேற்பரப்புக்குக் கொண்டுவரும். குறைந்தது 28 நாட்கள் காய விடுங்கள். இடையில் மழை பெய்தால் அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்புப் பூத்திருந்தால் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும். நீரால் கழுவினால் உப்பு கரைந்து மறுபடியும் சுவருக்குள் போய்விடும். அதன் பின்னர் காரத்தைத் தாங்கும் அடிப்பூச்சு ஒன்றைப் பூசாமல் எந்த நிறத்தையும் சுவரில் வைக்க வேண்டாம்.

பழைய மதிலில் பாசியும் பழைய பெயின்ட்டும் இருக்கின்றன. எப்படிச் சுத்தப்படுத்துவது?

பாசியைச் சுரண்டி எடுத்தால் மட்டும் போதாது. அதன் வேர் போன்ற பகுதிகள் பூச்சின் துளைகளுக்குள் இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரண ப்ளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு என்று கலந்து, சுவரில் தடவிக் கால் மணி நேரம் விட்டு, தும்புத் தூரிகையால் தேய்த்து நன்றாகக் கழுவ வேண்டும். இது பெரியவர்களின் வேலை. கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள், வேறு எந்தத் துப்புரவுத் திரவத்தையும் அதனோடு கலக்காதீர்கள், மதிலடியில் இருக்கும் பூச்செடிகளை முதலில் நீரால் நனைத்துப் பொலித்தீனால் மூடிவிடுங்கள். கடலுக்கு அருகில் இருப்பவர்கள், பாசி இல்லாவிட்டாலும் மதிலை நல்ல தண்ணீரால் ஒருமுறை கழுவிவிட வேண்டும். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் தெஹிவளையிலும் கடற்காற்று கொண்டுவரும் உப்பு கண்ணுக்குத் தெரியாத படலமாகச் சுவரில் படிந்திருக்கும்.

பழைய பெயின்ட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை அவசியம். பல பத்தாண்டுகளுக்கு முன்னர் பூசிய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஆகவே பழைய வீடுகளில் உலர்ந்த நிலையில் அரத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். சுவரை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள், உதிர்ந்ததைத் தரையில் விரித்த தறப்பாளிலேயே சேகரித்துக் கட்டி அப்புறப்படுத்துங்கள், அந்த வேலை நடக்கும் நாளில் பிள்ளைகளை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

எந்தப் பெயின்ட், எவ்வளவு வாங்குவது?

வெளிச்சுவருக்கென்று விற்கப்படும், தண்ணீரில் கலக்கும் எமல்சன் பெயின்ட்டே போதுமானது. உட்சுவர் எமல்சன் மலிவு என்று வாங்கினால் முதல் பருவமழையிலேயே தூளாகும். இனாமல் பெயின்ட் பளபளக்கும், ஆனால் சீமெந்துச் சுவரின் காரம் அதைச் சிதைக்கும். சுவரின் ஈரத்தையும் அது உள்ளேயே அடைத்துவிடும். பிள்ளைகள் பாடசாலைக்குக் கொண்டுபோகும் போஸ்டர் கலர் காய்ந்த பின்னரும் நீரில் கரையும்.

15 அடி நீளமும் 6 அடி உயரமும் உள்ள மதில் 90 சதுர அடி. ஒரு லீற்றர் எமல்சன் மழுமழுப்பான சுவரில் ஒரு பூச்சுக்கு ஏறத்தாழ 100 சதுர அடிக்குப் போதும். சொரசொரப்பான மதில் அதைவிட அதிகம் குடிக்கும். எனவே அடிப்பூச்சு ஒரு லீற்றருக்குச் சற்று மேல், பின்னணிக்கான வெள்ளை இரண்டு பூச்சுக்கு மூன்று லீற்றர் என்று கணக்கிடுங்கள். வெள்ளையில் நான்கு லீற்றர் வாளியாக வாங்கிவிட்டால் மிச்சம் நிறம் கலக்க உதவும். உருவங்களுக்கான நிறங்கள் ஒவ்வொன்றிலும் கிடைக்கும் மிகச் சிறிய பேணியே போதும். பல கடைகளின் விலையைப் பார்த்து வாங்க விரும்புபவர்கள் கொழும்பு 12இல் பழைய சோனகத் தெருவுக்குப் போகலாம். பிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். நிற அட்டையைக் கையில் பிடித்து அவர்கள் வாதாடும் அந்த அரை மணி நேரம் இந்த வேலையின் ஒரு பகுதிதான்.

எந்த நிறங்கள் வெயிலில் மங்காமல் நிற்கும்?

மண்ணிலிருந்து வந்த நிறங்கள். காவிச் சிவப்பு, மஞ்சட் காவி, மண்ணிறம் ஆகியவை இரும்பு ஒக்சைட்டால் ஆனவை. வெயில் அவற்றை எளிதில் தொடாது. கறுப்பும் வெள்ளையும் அப்படியே. நீலத்திலும் பச்சையிலும் நல்ல உறுதியான வகைகள் உண்டு. கடும் இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறம், ஒளிரும் செம்மஞ்சள் போன்றவையே முதலில் வெளிறும். இவற்றைப் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள், மறுக்கவும் வேண்டாம். அவற்றைச் சிறிய இடங்களில், ஒரு பூவின் இதழிலோ பட்டத்தின் வாலிலோ வைத்துக்கொண்டால், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பத்து நிமிடத்தில் மீண்டும் பூசிவிடலாம்.

என்ன படம் வரைவது என்று வீட்டில் ஒருமித்த முடிவு வரவில்லை. என்ன செய்யலாம்?

ஒருமித்த முடிவு தேவையில்லை. எல்லாவற்றையும் தாங்கும் ஒரு பின்னணி இருந்தால் போதும். எங்கள் வீட்டில் கணவருக்கு ரயில் வேண்டும், மூத்தவளுக்குக் கடல் வேண்டும், இளையவனுக்குக் காகம் வேண்டும், அம்மம்மாவுக்குத் தான் யாழ்ப்பாணத்தில் விட்டுவந்த வீட்டின் பனைகள் வேண்டும். கடைசியில் எங்கள் கரையோர ரயில் பாதையையே படத்தின் முதுகெலும்பாக வைத்தோம். இடது ஓரத்தில் பனைகளிலிருந்து தண்டவாளம் புறப்பட்டு வருகிறது, வலது ஓரத்தில் கடல் விரிகிறது, மேலே மின்கம்பியில் காகங்கள் உட்கார்ந்திருக்கின்றன. யாருடைய ஆசையும் விடுபடவில்லை. ஆறு, பாதை, கொடி, கம்பி என்று இடமிருந்து வலமாக ஓடும் ஏதாவது ஒன்று இருந்தால், பலரின் வேறுபட்ட படங்களும் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

இன்னொன்றையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். மதிலின் அடியிலுள்ள ஓர் அடி உயரத்தில் மழைத்துளி நிலத்தில் பட்டுத் தெறித்து மண்ணைக் கொண்டுவந்து ஒட்டும். அங்கே முகங்களையோ வெளிர் நிறங்களையோ வைக்காமல் மண், வேர், கல், புல் என்று இருண்ட நிறத்தில் தீட்டினால், தெறிக்கும் சேறு படத்தின் ஒரு பகுதியாகவே தோன்றும்.

தாளில் உள்ள சிறிய படத்தை மதிலுக்கு எப்படிப் பெருப்பிப்பது?

தாளில் ஓர் அங்குலச் சதுரங்கள், மதிலில் ஓர் அடிச் சதுரங்கள். மதிலில் கோடு போட, வெண்கட்டித் தூள் தடவிய நூலை இரு முனையிலும் இழுத்துப் பிடித்து நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். கணக்கு பிடிக்காது என்று சொல்லும் பிள்ளைக்கு இந்த வேலையைக் கொடுங்கள். எங்கள் மூத்தவள் அன்றைக்கு விகிதத்தைப் புரிந்துகொண்டாள். உருவங்களை வெண்கட்டியாலேயே வரையுங்கள், பென்சில் வேண்டாம். பிழைத்தால் ஈரத் துணியால் துடைத்துவிடலாம்.

சின்னப்பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

உண்மையான வேலை. தண்ணீர் தோய்த்த தூரிகையைக் கொடுத்து ஏமாற்றினால் மூன்று வயதுப் பிள்ளைகூட அதைக் கண்டுபிடித்துவிடும். மதிலை உயரத்தின்படி பிரித்துக்கொள்ளுங்கள். நிலத்திலிருந்து மூன்றடி வரை சின்னவர்களுக்கு, அதற்கு மேல் ஐந்தடி வரை பெரிய பிள்ளைகளுக்கும் நிலத்தில் நின்று தீட்டும் பெரியவர்களுக்கும், ஏணி தேவைப்படும் பகுதி பெரியவர்களுக்கு மட்டும். நாற்பது நிமிடத்துக்கு மேல் சின்னப்பிள்ளையை நிற்க வைக்காதீர்கள். ஒரு யோகட் கோப்பையில் கால் பங்கு பெயின்ட்டுக்கு மேல் ஊற்றாதீர்கள். கவிழ்ந்தாலும் அவ்வளவுதான் போகும். கை படிந்தால் காய்வதற்கு முன்னர் சவர்க்காரமும் தண்ணீரும் போதும்.

மூத்தவர்களை மறந்துவிட வேண்டாம். முழங்கால் வலியால் நிற்க முடியாத அம்மம்மா, கதிரையில் உட்கார்ந்தபடியே மதிலின் அடியோரம் முழுவதும் ஒரு கோலக்கரை போட்டார். கோலமாவு பிடிக்கும் விரல்களால் தூரிகை பிடிக்க வராது என்று முதலில் மறுத்தவர், பின்னர் தூரிகையை வைத்துவிட்டு, காதுக்குள் விடும் பஞ்சுக் குச்சியை வெள்ளைப் பெயின்ட்டில் தோய்த்துப் புள்ளி வைக்கத் தொடங்கினார். பதினைந்து அடி நீளத்துக்கு ஒரே இடைவெளியில் விழுந்த அந்தப் புள்ளிகளுக்கு அவர் ஒரு முறைகூட அளவுகோல் வைக்கவில்லை. இருண்ட அடிப்பகுதியில் வெள்ளைப் புள்ளிகள் சேற்றால் மறையும் என்று நான் சொன்னேன். "மழை முடிய நான் துடைக்கிறன்" என்றார். இன்றுவரை துடைத்துவருகிறார்.

பிள்ளை தீட்டியது சரியாக வரவில்லை. அவர்கள் தூங்கிய பின்னர் நாம் சற்றுத் திருத்தலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். நான் செய்தேன். இளையவன் தீட்டிய காகத்தின் அலகு உடம்பைவிட நீளமாக இருந்தது. அன்றிரவு வராந்தா விளக்கு வெளிச்சத்தில் அதை அளவாகக் குறைத்து, சிறகுக்கும் நாலு கோடு போட்டுவிட்டேன். காலையில் அவன் வந்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். "அம்மா, இது என்ர காகம் இல்லை" என்று மட்டும் சொன்னான். இரண்டு நாட்களுக்குத் தூரிகையைத் தொடவே இல்லை. மூன்றாம் நாள் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டு, திருத்திய காகத்தின் மேல் பின்னணி நிறத்தை அவனுக்கு முன்னாலேயே பூசி மறைத்தேன். அது காயும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு அவன் மறுபடியும் வரைந்தான். இந்த முறை அலகு இன்னும் நீளம். தெருவால் போகிறவர்கள் படலை திறந்திருந்தால் நின்று பார்ப்பது அந்தக் காகத்தைத்தான்.

பிள்ளையே உதவி கேட்டால் பக்கத்தில் ஒரு தாளில் வரைந்து காட்டுங்கள். மதிலில் அவர்கள் கைதான் பட வேண்டும். கோடுகள் வெவ்வேறாக இருப்பது கண்ணை உறுத்துகிறது என்றால், கடைசி நாளில் எல்லா உருவங்களுக்கும் ஒரே கருநீல வெளிக்கோடு போடலாம். ஒவ்வொருவரும் தத்தம் உருவத்துக்குத் தாமே போட வேண்டும்.

தீட்டிக்கொண்டிருக்கும்போது மழை வந்துவிட்டால்?

மதிலின் மேல் விளிம்பில் தறப்பாளை முன்கூட்டியே கட்டிச் சுருட்டி வைத்திருங்கள், அவிழ்த்துவிட்டால் போதும். ஆனால் தறப்பாள் சுவரில் ஒட்டக் கூடாது, கீழே இரண்டு கதிரைகளை வைத்து வெளியே தள்ளிப் பிடிக்கச் செய்யுங்கள். ஈரப் பெயின்ட் வழிந்துவிட்டால் அப்போதே தேய்க்காமல் முழுமையாகக் காயவிட்டு, அரத்தாளால் இலேசாகத் தேய்த்து மறுபடி பூசுங்கள். ஓரளவு காய்ந்த பின்னர் மழை நனைத்தால் பிசுபிசுப்பான மண்ணிறக் கோடுகள் இறங்குவதுண்டு. பெயின்ட்டில் சேர்க்கப்படும் சவர்க்காரம் போன்ற பொருட்கள் வெளிவருவதே அது. நீரால் கழுவினால் போய்விடும்.

வாடகை வீடு, அடுக்குமாடி, தெருப்பக்கச் சுவர் ஆகியவற்றில் தீட்டலாமா?

வாடகை வீட்டில் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள். வீட்டை விடும்போது வெள்ளை பூசித் தருவதாகச் சொன்னால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். அடுக்குமாடியின் வெளிச்சுவர் பொதுவாக எல்லோருக்கும் உரிய கூட்டு ஆதனம் என்பதால் முகாமைத்துவக் குழுவைக் கேட்காமல் தொடக் கூடாது. 2019 நவம்பரில் ஜனாதிபதித் தேர்தல் முடிந்த கையோடு நாடெங்கும் இளையோர் பொதுச் சுவர்களில் தீட்டியதைப் பார்த்தவர்கள், தெருச் சுவர் யாருக்கும் உரியது என்று நினைப்பதுண்டு. உங்கள் மதிலின் தெருப்பக்கமானாலும் அயலவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குவது நம் ஊரில் பல மனக்கசப்புகளைத் தவிர்க்கும். இருவருக்கும் பொதுவான மதில் என்றால் அவர்களையும் தீட்ட அழையுங்கள்.

முடித்த பின்னர் வார்னிஷ் பூச வேண்டுமா?

தாழ்வாரத்துக்குக் கீழே, நன்றாக உலர்ந்த சுவர் என்றால் வெளிப்புறத்துக்கான நிறமற்ற அக்ரிலிக் மேல்பூச்சு பயன்தரும். நிலத்திலிருந்து ஈரம் ஏறும் மதில் என்றால் வேண்டாம். ஈரம் வெளியேற வழியின்றிப் படலம் வெண்மையாகிக் கொப்பளிக்கும். கொழும்பின் பெரும்பாலான மதில்கள் இரண்டாவது வகை என்பதே என் அனுபவம்.

தூரிகை கழுவிய தண்ணீரை எங்கே ஊற்றுவது?

தெருக் கானில் ஊற்றாதீர்கள். அது கால்வாய்க்கும் கடலுக்கும் போகும். முதலில் தூரிகையைப் பழைய பத்திரிகைத் தாளில் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரே வாளியில் கழுவி, ஒரு நாள் மூடி வைத்தால் நிறம் அடியில் படியும். மேலே தெளிந்த நீரைக் கழிப்பறையில் ஊற்றி, படிந்ததைத் தாளில் வழித்துக் காயவைத்துக் குப்பையில் போடலாம். வாளிகளையும் கோப்பைகளையும் கவிழ்த்து வையுங்கள். திறந்து கிடக்கும் ஒரு யோகட் கோப்பையில் தேங்கும் மழைநீர் டெங்கு நுளம்பு முட்டையிடப் போதும்.

எவ்வளவு காலம் நிற்கும்? பராமரிப்பு என்ன?

சுவரை ஒழுங்காக ஆயத்தம் செய்திருந்தால் ஐந்து வருடம் நன்றாக இருக்கும். மேற்குப் பார்த்த சுவர் அதற்கு முன்னரே மங்கும். வருடம் ஒருமுறை, மழைக்காலம் முடிந்த பின்னர், மென்மையான துணியாலும் தண்ணீராலும் துடையுங்கள். பாசியின் பச்சை எங்கே தொடங்குகிறதோ அந்த இடத்தை உடனே கவனியுங்கள். கலந்த நிறங்கள் ஒவ்வொன்றிலும் சிறிதளவை மூடி இறுகிய கண்ணாடிப் போத்தலில் விளிம்பு வரை நிரப்பி, எதற்குப் பயன்படுத்தியது என்று மூடியில் எழுதி நிழலில் வையுங்கள். எமல்சனைக் காற்றுப் படாமல் வைத்தால் ஓரிரு வருடம் பழுதாகாது. எங்கள் சமையலறைத் தட்டின் மேல் ஏழு ஜாம் போத்தல்கள் இருக்கின்றன. இளையவன் இப்போது மூன்றடிக் கோட்டைத் தாண்டி வளர்ந்துவிட்டான். கடந்த தைமாதம் "காகக் கறுப்பு" என்று எழுதிய போத்தலைத் தானே எடுத்துப் போய், கம்பியில் இரண்டாவது காகம் ஒன்றை உட்கார்த்திவைத்தான்.